மூணாம் நம்பர் கார்

மணவாளன் மாமாவுக்குப் பதினெட்டு ஏக்கர் நஞ்சை இருந்தது, இரண்டு பம்பு செட் இருந்தது, இரண்டாம் கையாக வாங்கிய ஒரு கார் இருந்தது. கார் ஓட்ட மட்டும் தெரியாது. லைசென்ஸ் வைத்திருந்தவன் நான், அவருடைய மச்சான் தேசப்பன். பச்சையம்மா அக்காவின் ஒரே தம்பி. அதனால் அவர் பண்ணிய கோமாளித்தனங்களில் பாதிக்கு நான்தான் ஸ்டியரிங் பிடித்தேன் என்ற கெட்ட பெயர் சோழவரம் வட்டாரத்தில் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. அக்கா மகள் செண்பகத்தைப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கோபால், கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவனுடைய அப்பா இராமலிங்கம், வேர்க்கடலை வியாபாரி. பையன் தலையைக் குனிந்தபடியே கேசரி சாப்பிட்டான். செண்பகம் அடுப்படிக்கு வந்ததும் என்னிடம், "மாமா, எனக்கு இவரையே பிடிச்சிருக்குது" என்று நேராகச் சொல்லிவிட்டாள். எல்லாம் சரியாகத்தான் போனது, அவர்களை வழியனுப்ப நாங்கள் வெளியே வரும் வரைக்கும்.

வெளியே இராமலிங்கத்தின் கார் நின்றது. மாமா அதன் நம்பரைப் பார்த்தார். மூன்று எழுத்து, அப்புறம் 63. அவ்வளவுதான். பக்கத்திலேயே எங்கள் கார், 8476 என்று நீளமாகத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. மாமாவின் முகம் தொங்கிப் போய்விட்டது.

"ரெண்டே ரெண்டு எண்ணுடா, தேசப்பா. எவ்ளோ பெரிய கையா இருந்தா ரெண்டு எண்ணுல குடுத்திருப்பான்? நம்மளுது ரேஷன் கார்டு மாதிரி கீது."

"நம்பருல இன்னா மாமா இருக்குது?"

"இன்னா இருக்குதா? கவர்னர் வண்டிக்கு எண்ணே கெடையாது, சிங்கம் மட்டும்தான். எண்ணு கொறைய கொறைய மனுசன் பெரியவன். இது கூட தெரியாம நீ எப்டிடா லைசென்ஸ் வாங்கின?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அக்கா வீட்டுச் சோறு தின்கிறவன் எவ்வளவு கோபப்பட முடியும்?

அடுத்து நாங்கள் பொதட்டூர்பேட்டைக்குப் போய் மாப்பிள்ளை வீடு பார்த்துக் கை நனைக்க வேண்டும். பிடித்திருந்தால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம், தாம்பூலம் மாறும், கல்யாணம் உறுதி. பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவோம். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் கை நனைத்தாக வேண்டும்.

மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. நாலு எண்ணோடு சம்பந்தி வாசலில் போய் இறங்குவதா? அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சோழவரத்தில் வருஷா வருஷம் கார் ரேஸ் நடக்கும். முந்தின வருஷம், கூட்டம் தன் வரப்பை மிதிக்கிறது என்று சண்டை போடப் போனவர், அங்கே ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறார். கார்களில் வழக்கமான நம்பர் பலகையே இல்லை. கதவில் வெள்ளை வட்டம் போட்டு உள்ளே 5, 9, 12 என்று சின்னச் சின்ன எண்கள்தான். இன்ஸ்பெக்டரே முன்னால் நின்று கூட்டத்தை விலக்கி அந்தக் கார்களுக்கு வழிவிட்டிருக்கிறார்.

"வட்டத்துக்குள்ள ஒரு எண்ணு போட்டுட்டா போலீஸே சல்யூட் அடிக்கிறான். யாரும் கேள்வி கேக்கமாட்டான். நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார்.

ரேஸை எங்கள் ஊரில் எல்லோரும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் அவர் சொன்னதை மறுத்துப் பேச ஊரில் ஆளே இல்லை. நான் பேசினேன். "மாமா, அது ரேஸ் வண்டி" என்றேன். "ரேஸ் ஓட்றவன் யாரு? பெரிய மனுசன். நான் சொன்னதுதான் அதுவும்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, முன்னும் பின்னும் இருந்த நம்பர் தகடுகளைத் தானே திருகிக் கழற்றினார். இரண்டு கதவிலும் தாம்பாளத்தை வைத்து வட்டம் வரைந்து, வெள்ளை பெயின்ட் அடித்து, நடுவில் கறுப்பில் 3 என்று எழுதினார். ஒன்று ஏன் போடவில்லை என்று கேட்டேன். ஒன்று போட்டால் தலைக்கனம் என்று நினைப்பார்களாம். அவ்வளவு அடக்கம்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் மாமா, பட்டு வேட்டி, தோளில் துண்டு. பின்சீட்டில் அக்கா, இரண்டு பக்கமும் இரண்டு பழக்கூடை. செண்பகம் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தாள். "மாமா, அப்பா எதுனா பண்ணி கெடுத்துடப் போறாரு. நீதான் பாத்துக்கணும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் இருக்கிறேன் என்று பெரிதாகச் சொல்லிவிட்டு கியரைப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ரேஸ் என்பதை எங்கள் மூன்று பேரில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்தால் ஜனக்கடல். அங்குலம் அங்குலமாக நகர்ந்ததிலேயே மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சைக்கிள், மாட்டு வண்டி, ஐஸ்காரன். ஒரு போலீஸ்காரர் எங்கள் கதவைப் பார்த்தார், விசிலை ஊதினார், கூட்டத்தை லத்தியால் விலக்கினார்.

"மூணு வந்துட்சி! வழி உடுங்க, வழி உடுங்க!"

மாமா என் தொடையில் ஓங்கி அடித்தார். "பாத்தியா? பாத்தியாடா மரியாதைய?"

இடது பக்கம் திரும்பச் சொல்லிக் கை காட்டினார் போலீஸ்காரர். வலது பக்கம் போக வேண்டியவன் நான். பின்னால் லாரி, முன்னால் லத்தி. திரும்பினேன். ஒரு கேட் திறந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் ஓடி வந்து, "நம்பர் த்ரீ, ஒய் ஸோ லேட்? கமான், கமான்!" என்று பானெட்டைத் தட்டினார். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எங்களை ஒரு வரிசையில் தள்ளி நிறுத்தினார்கள். முன்னால் எட்டு கார், பின்னால் ஆறு கார், எல்லாம் உறுமிக்கொண்டிருந்தன. ஒருவர் கொடியைத் தூக்கினார்.

"தேசப்பா, இன்னாடா இது, கட்சி ஊர்வலமா?" என்று அக்கா கேட்டாள்.

கொடி இறங்கியது. பின்னாலிருந்தவன் ஹாரனை அழுத்திய அழுத்தில் என் கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று மிதிக்கவில்லை.

முதல் சுற்றில் மாமா சொர்க்கத்தில் இருந்தார். வேலி ஓரம் ஆயிரக்கணக்கான ஜனம் கை தட்டியது, விசில் அடித்தது. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். பிறகுதான் ஒவ்வொரு காராக எங்களைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"டேய், அவன் நாப்பத்தி ரெண்டு! மூணாம் நம்பர நாப்பத்தி ரெண்டு முந்தறதா? அவனுக்கு இன்னா அதிகாரம் கீது? உடாதடா!"

"மாமா, இது ரேஸு!"

"ரேஸா இருந்தா இன்னா, ஒரு மட்டு மருவாத வாணாமா?"

"பழம்லாம் உருளுதுடா பாவி!" இது பின்சீட்டிலிருந்து அக்கா. இரண்டு கூடையையும் இரண்டு கையால் அணைத்துக்கொண்டு, திருத்தணி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. செண்பகத்துக்கு என்ன பதில் சொல்வேன்?

இரண்டாவது சுற்றில் ரேடியேட்டர் கொதித்து, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வைக்கோல் கட்டு அடுக்கியிருந்த ஓரத்தில் போய் நின்றோம். நாங்கள் நின்றதும் இரண்டு பேர் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்த, உண்மையான மூன்றாம் நம்பர் ஆள். அவருடைய காரைக் கேட்டிலேயே நிறுத்தி, மூணு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று சொல்லிவிட்டார்களாம். இன்னொருவர் சப்-இன்ஸ்பெக்டர் சாலமோன்.

மாமா இறங்கி வேட்டியைச் சரிசெய்தார். "சார், நாங்க மூணாம் நம்பரு" என்றார், அதற்கு மேல் பேச எதுவுமில்லை என்பது போல.

சாலமோன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வண்டி நம்பர் எங்கய்யா?"

"அதான் சார், கதவுல."

"இது ரேஸ்காரங்க அவங்களுக்குள்ள போட்டுக்கிற நம்பரு. இந்த வேலிய தாண்டுனா செல்லாது. ரோட்ல ஓட்டணும்னா ஆபீஸ்ல குடுத்த நம்பர முன்னாலயும் பின்னாலயும் எழுதியிருக்கணும். நீயா இருந்தாலும் சரி, மில் ஓனரா இருந்தாலும் சரி. இல்லாம ஓட்டுனா கேஸு."

"சின்ன நம்பர்னா பெரிய ஆளுன்னு..."

"எவன் சொன்னான்? நம்பரு வரிசையா வருது. அன்னைக்கு எவன் வண்டிய கொண்டாந்து நிறுத்துனானோ அவனுக்கு அடுத்த நம்பரு. 9999 முடிஞ்சா எழுத்து மாறும், திரும்ப ஒண்ணுலேந்து ஆரம்பிக்கும். அவ்ளோதான்யா விஷயம். இப்ப நம்பர் தகடு இருந்தா மாட்டு, கேஸ எழுதிட்டு உடறேன். இல்லன்னா வண்டி ஸ்டேஷனுக்கு வரும்."

மணி ஒன்று. தகடு வீட்டில் கிடக்கிறது. வண்டி ஸ்டேஷனுக்குப் போனால் பொதட்டூர்பேட்டைக்கு எப்படிப் போவது? குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால், பிடிக்கவில்லை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "என் பொண்ணு விசயம் சார்" என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பின்சீட்டில் அக்கா ஒரு கூடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஆரஞ்சு, வாழைப்பழம், வெற்றிலை எல்லாவற்றையும் மடியில் எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு தகட்டை உருவினாள். மற்றக் கூடையிலிருந்து இன்னொன்று. 8476. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தன.

"பூஜ போட்ட பொருளு. நல்ல காரியத்துக்குப் போக சொல்ல அத்த மாட்டுக் கொட்டாயில உட்டுட்டு வர முடியுமா? அதான் எட்த்துக்கினு வந்தேன்" என்றாள்.

அந்த நிமிஷம் அக்காவின் காலில் விழலாமா என்று தோன்றியது. வைக்கோல் கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தகடுகளைக் கட்டினேன். சாலமோன் கேஸ் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பும்போது மணி ஒன்றரை. கதவில் இருந்த மூணைத் துடைத்துப் பார்த்தோம், போகவில்லை. மாமா தன் துண்டை ஜன்னலில் செருகி ஒரு கதவை மறைத்தார். இன்னொரு கதவுக்கு அக்காவின் சால்வை. பேய் பிடித்தவன் மாதிரி ஓட்டினேன்.

நாலு மணிக்குப் பொதட்டூர்பேட்டை. வாசலிலேயே இராமலிங்கம் தவித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் கோபால். எங்கள் காரை அவர்கள் காருக்குப் பின்னால் நிறுத்தினேன். ஆறு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவர்கள் காரின் டிக்கியில் சாய்ந்து நின்று ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டு, எல்லோரோடும் படியேறினேன்.

உள்ளே போனதும் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னாடா தேசப்பா, பின்னால நம்பரு?"

நீல நிற பேன்ட்டின் பின்புறத்தில் வெள்ளை பெயின்ட்டில் ஒரு 63, இடம் வலம் மாறி, ஈரமாக ஒட்டியிருந்தது. மாமா என்னைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் இராமலிங்கத்தின் காரைப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். 63 என்று இருந்த தகட்டில் இப்போது 6363 என்று எழுதியிருந்தது. கடைசி இரண்டு எண்ணும் கோணல்மாணலாக, என் புண்ணியத்தில் அலங்கோலமாக இருந்தன.

வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இராமலிங்கத்தின் நெற்றியில் வியர்வை துளித்துளியாக நின்றது. கோபால் தரையைப் பார்த்துக்கொண்டு, "வாணாம்னு சொன்னேன் நைனா" என்று முனகினான். உறவுக்காரர்கள் எல்லோரும் அந்த மனிதரையே பார்த்தார்கள். நம்பரைத் திருத்துகிற வீட்டில் பெண் கொடுப்பதா என்று மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. சொல்லக்கூடியவர்தான் அவர்.

மாமா எங்கள் காருக்குப் போனார். துண்டை உருவினார். சுற்றிப் போய்ச் சால்வையையும் உருவினார். வெள்ளை வட்டத்தில் 3.

"சம்பந்தி, நான் உங்கள வுட பெரிய கிறுக்கன்" என்றார். ரேஸில் ஓடியது, நாப்பத்தி ரெண்டு முந்தியது, கேஸ் எழுதியது, ஒன்றையும் மறைக்காமல் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

இராமலிங்கம் வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க எட்டாயிரத்து நானூத்தி எழுபத்தாற பாத்ததுலேந்து எனக்குச் சோறே எறங்கல. எவ்ளோ பெரிய எண்ணு, எவ்ளோ புது வண்டி! நம்மளுது வெறும் அறுபத்தி மூணு, ஓட்ட வண்டின்னு கண்டுக்கினு பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னுதான்..."

"நம்பருல ஒண்ணும் இல்ல சம்பந்தி. வரிசையா குடுக்கறது அது. முடிஞ்சா எழுத்து மாறும், திரும்ப ஒண்ணுலேந்து ஆரம்பிக்கும். இதுகூட தெரியாமயா கார் வச்சிருக்கீங்க?" என்று மாமா கேட்டாரே பார்க்கலாம். எனக்கு அவரை அங்கேயே கடிக்கலாம் போல இருந்தது.

நாலு இருபத்தைந்துக்கு இலையில் கை நனைத்தோம்.

சம்பந்திகள் இரண்டு பேரும் முதன்முதலாகச் சேர்ந்து போனது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு, அந்தத் தகட்டைச் சரியாக எழுத என்ன செய்ய வேண்டும் என்று கேட்க. கேஸுக்கு மாமா போய் அபராதம் கட்டினார். வைகாசியில் கல்யாணம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் கதவில் அந்த மூணு மங்கலாகத் தெரிந்தது. அந்தக் காரில்தான் செண்பகமும் கோபாலும் ஊர்வலம் போனார்கள். சாமந்திச் சரத்தை விலக்கி அந்த வட்டத்தைக் கோபாலுக்குக் காட்டி, "எனக்காக எங்கப்பா ரேஸுலயே ஓட்னாரு" என்று அவள் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஓட்டினது நான்தான்டி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதனால் ஹாரனை மட்டும் அடித்தேன்.