ரெண்டு புள்ளி, ஒரு கோடு

"தண்ணி பட்டிருக்கு மேடம். வாரண்டி செல்லாது."

சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல இருந்த கண்ணாடிக்காரர் இதைச் சொன்னப்போ எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கவுண்டரையே புரட்டிப் போட்டிருப்பேன். பல்லைக் கடிச்சுக்கிட்டேன். கத்தினா காரியம் கெட்டுப்போகும்.

"தண்ணியா? அது அலமாரி மேல இருக்கிற சாமான் சார். யாரு அதைக் குளிப்பாட்டினா?"

அவர் பெட்டியோட அடி மூடியைத் திறந்தார். "உள்ள வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டா சிவப்பாயிடும். இது சிவப்பா இருக்கு. அவ்வளவுதான்." பெட்டியை என் பக்கம் தள்ளிட்டு, எனக்குப் பின்னாடி நின்னவரைக் கூப்பிட்டார்.

நான் நகரலை. நகர முடியாது. அந்தப் பெட்டிக்கு எங்க வீட்டுல அழுகைப்பெட்டின்னு பேரு. என் அக்காவுக்குச் சின்ன வயசுலேருந்து காது கேக்காது. பாப்பாவுக்கு ஆறு மாசம். பாப்பா அழுதா பெட்டி கேட்டுக்கும். வீட்டு விளக்கெல்லாம் மினுக்கும், அக்கா கையில இருக்கிற பட்டை அதிரும். அத்தான் கப்பல்ல வேலை, வர்றதுக்கு இன்னும் நாலு மாசம் ஆகும். எனக்கு ரெண்டு தெரு தள்ளி சலவைக்கடை. பகல்ல அக்காவும் பாப்பாவும் தனியாத்தான் இருக்கணும்.

பெட்டி படுத்து மூணு நாளாச்சு. அக்கா கண்ணை மூடலை. தூங்குற குழந்தையோட நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. புதுசு ஆர்டர் போட்டா பத்து நாளாகுமாம். இந்தச் சேதி எப்படியோ அக்காவோட மாமனார் காதுக்குப் போயிடுச்சு. "குழந்தை கத்துறதுகூடத் தெரியாத வீட்டுல என் பேத்தி இருக்க வேண்டாம். இன்னைக்கு சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போறேன். என் பையன் வர்ற வரைக்கும் எங்ககிட்ட வளரட்டும்"னு போன்ல கத்தினார். அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டா.

பெட்டியை எடுத்து அந்த ஸ்டிக்கரை நானே பார்த்தேன். ஐயையோ! தலையில அடிச்சுக்காத குறைதான். அது என் கைவேலை.

சலவைக்கடையில வர்ற துணிக்கெல்லாம் சிவப்பு மையில குறி போடணும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. இல்லேன்னா இவர் சட்டை அவர் வீட்டுக்குப் போய் ஊரே சண்டைக்கு வரும். எங்க வீட்டுக் குறி ரெண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. வாளி, குடை, கத்தரிக்கோல் எதையும் இந்தக் கை விட்டு வைக்கிறதில்லை. அழுகைப்பெட்டி வந்த அன்னைக்கு மூடியைத் திறந்தா, உள்ள குட்டியா ஒரு வெள்ளை ஸ்டிக்கர். குறி போடுறதுக்குன்னே வச்ச இடம்னு நினைச்சுப் போட்டுட்டேன்.

"சார், இது தண்ணி இல்ல. நான் போட்ட மை."

"எல்லாரும் இப்படி ஏதாவது ஒரு கதை சொல்லுவாங்க மேடம்."

கதையா? கைக்குட்டையை எடுத்துக் கவுண்டர்ல விரிச்சேன். ரெண்டு புள்ளி, ஒரு கோடு. பையோட கைப்பிடியைத் திருப்பிக் காட்டினேன். செல்போன் உறையைக் கழட்டி வச்சேன். சட்டைக்கை மடிப்பையும் பிரிச்சுக் காட்டினேன். "பூதக்கண்ணாடி இருந்தா எடுத்துட்டு வாங்க. தண்ணி வந்து அழகா ரெண்டு புள்ளி வச்சு, அடியில கோடும் இழுத்துட்டுப் போகுமா?"

உள்ளே வேலை செஞ்சுக்கிட்டிருந்த மெக்கானிக் பொண்ணு லென்ஸோட எழுந்து வந்தா. பார்த்ததும் பக்குன்னு சிரிச்சுட்டா. "சார், நடுவுல எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு. நனையவே இல்ல."

கண்ணாடிக்காரர் விடலை. "ஸ்டிக்கர் மேல எழுதினதும் தப்புதான். அதுக்கும் வாரண்டி கிடையாது."

"எந்த வரியில போட்டிருக்கு?" வாரண்டி அட்டையை எடுத்து, வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி படிச்சேன். "தண்ணி, தீ, இடி, எலிக்கடி, பூச்சி. பூச்சி வரைக்கும் யோசிச்சிருக்கீங்க. சலவைக்காரியை யோசிக்கலையே!"

வரிசையே சிரிச்சது. அவரும் உதட்டைக் கடிச்சுக்கிட்டார். "சரிம்மா. மாத்தித் தர்றோம். ஏழு நாள் ஆகும்."

"சாயங்காலம் குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க சார். ஏழு நாள் கழிச்சு இதை வச்சு நான் யார் அழறதைக் கேக்க?" அப்போ என் குரல் உடைஞ்சுபோச்சு. அதுக்கு நான் வெக்கப்படலை. "அதோ கண்ணாடி அலமாரியில இருக்கே, அது வேலை செய்யுமா?"

"அது டிஸ்ப்ளே பீஸ்மா."

"அழுதா கேக்குமா, கேக்காதா?"

"கேக்கும்."

"அப்போ அதைக் கொடுங்க. கொடுக்காம நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

மெக்கானிக் பொண்ணே போய் அதை எடுத்துட்டு வந்து கட்டிக் கொடுத்தா.

மாமனார் சொன்ன நேரத்துக்கு வந்துட்டார். முப்பது வருஷம் மில்லுல தறிக்கு நடுவுல நின்ன மனுஷன், உக்காந்து பேசினாலும் கத்தித்தான் பேசுவார். நான் அப்பத்தான் பெட்டியை மாட்டி முடிச்சிருந்தேன். பாப்பா உள்ளறையில தூங்கினா. அவர் என்னை ஒரு வார்த்தை பேச விடலை. கொடியில காஞ்ச பாப்பா துணியை அவரே எடுத்து, கொண்டு வந்த பையில அடுக்க ஆரம்பிச்சார். அக்கா சமையலறை வாசல்ல நின்னு, ஒவ்வொரு துணியும் பைக்குள்ள போறதைப் பார்த்துக்கிட்டிருந்தா.

திடீர்னு விளக்கெல்லாம் மினுக்குச்சு. அக்கா உள்ளறைக்கு ஓடினா.

"இவ எதுக்கு ஓடுறா?" மாமனார் எரிஞ்சு விழுந்தார். "தூங்குற குழந்தையை எழுப்ப வேண்டாம்னு சொல்லு!"

எனக்குப் புரியலை. பாப்பா வீறிட்டு அழற சத்தம் என் காதைப் பிளக்குது.

"பாப்பா அழறா மாமா."

"எங்கே? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

போன்ல அவர் கத்தினதைத் திருப்பிக் கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்ததை நான் முழுங்கிட்டேன்.

அக்கா பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளியே வந்தா. பாப்பாவுக்குக் கன்னமெல்லாம் கண்ணீர், வாய் இன்னும் விரிஞ்சுதான் இருந்தது. மாமனார் அந்த வாயையே பார்த்தார். கிட்டக்க போய்க் குனிஞ்சு காதை வச்சுக் கேட்டார். திரும்பி வந்து உக்காந்தவர் யார் முகத்தையும் பார்க்கலை. பையைத் திறந்து துணியை ஒவ்வொண்ணா வெளியே எடுத்து வச்சார்.

அழுகை அடங்கின பாப்பாவை என் கையில கொடுத்துட்டு அக்கா அப்படியே தரையில உக்காந்தா. மூணு நாளா அடக்கி வச்சதெல்லாம் சேர்ந்து, சத்தம் எவ்வளவு பெருசுன்னு தெரியாம வாய்விட்டு அழுதா.

விளக்கு மறுபடியும் மினுக்க ஆரம்பிச்சது. மாமனார் அதை நிமிந்து பார்த்தார், எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்து அக்காகிட்ட கொடுத்தார்.