செவ்வாய்க்கிழமைப் பட்டியல்

ராஜகுமாரியின் மார்பிலிருந்த கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. வைத்தியம் இன்னும் தொடங்கவில்லை. நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள் அவள். விடியுமுன் பஸ் ஏறி, கெத்தை மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இது ஐந்தாவது நடை.

முதலில் ஆபரேஷனா மருந்தா என்பதைக் கீமோ டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார் சர்ஜன். கீமோ டாக்டர் சதைப் பரிசோதனையின் இரண்டாவது ரிப்போர்ட்டைக் கேட்டார். லேபில் போய்க் கேட்டால், அதை சர்ஜனுக்கே அனுப்பியாயிற்று என்றார்கள். சர்ஜன் அன்று லீவு. ரிப்போர்ட் கிடைத்த பிறகு ஸ்கேன். ஸ்கேன் எடுத்த இடத்தில் பழைய படங்களைக் கேட்டார்கள்.

இன்று எல்லாம் கையில் இருந்தது. கீமோ டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "சர்ஜன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்கம்மா" என்றார்.

ராஜகுமாரி எழுந்திருக்கவில்லை.

"நானெதுக்குங்க கேக்கோணும்? அவரு மேல் மாடி, நீங்க கீழ. நீங்களே பேசிக்கக் கூடாதுங்களா? நான் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிட்டா, போறது என் உசுருதானுங்களே!"

அவளை வெளியே அழைத்துவந்த நர்ஸ் ஜெஸிந்தா, கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "செவ்வாய்க்கிழமை எல்லா டாக்டரும் ஒண்ணா உக்காந்து ஒவ்வொரு கேஸா பேசுவாங்கக்கா. அந்த லிஸ்ட்ல உங்க பேரே இல்ல. அவர் போட்டிருப்பார்னு இவர், இவர் போட்டிருப்பார்னு அவர்."

"இப்பப் போடு கண்ணு. என் கண்ணு முன்னாடி போடு."

செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். முதலில் மருந்து, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன். வியாழக்கிழமையே தொடக்கம். எதுவானாலும் ஜெஸிந்தாவுக்கு ஒரு போன் போதும்.

டாக்டர்கள் கூடிப் பேசி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நிம்மதி வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"இதுக்கா ஆறு வாரம்? அது வரைக்கும் கட்டி சும்மா இருந்துருக்குமுங்களா?"

"கொஞ்சம் பெருசாயிடுச்சும்மா" என்றார் சர்ஜன், மேசையைப் பார்த்தபடி. "தப்பு எங்க மேலதான்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். மஞ்சூருக்குப் பக்கத்துப் பிக்கட்டி ஊர்ப் பெண் ஒருத்தி, நெஞ்சோடு ஃபைலை அணைத்துக்கொண்டு, சர்ஜன் எந்த மாடி என்று கேட்டாள்.

"மாடி கெடக்குது, அப்புறம் ஏறலாம்" என்று ராஜகுமாரி அவள் கையைப் பிடித்தாள். "மொதல்ல லிஸ்ட்ல பேரப் போடுங்க. வாங்க, நர்ஸம்மாகிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."