நான்காவது இன்னிங்ஸின் இருபத்தொன்பது பந்துகள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹேவர்காம்புக்கும் எனக்கும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். இந்த ஆண்டோடு ஹாவ்லி கல்லூரியில் பேஸ்பால் அணி கிடையாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். பையன்களிடம் திங்கட்கிழமை கல்லூரித் தலைவரே சொல்வார், அதுவரை நாங்கள் வாய் திறக்கக் கூடாது. டேல் ஹேவர்காம்ப் என்னைவிடப் பதினேழு வயது சின்னவன், ஆனால் அவன்தான் தலைமைப் பயிற்சியாளர். அவன் மேஜையில் ஓங்கிக் குத்தினான். நான் கடிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டின் வலது பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போய் என் மனைவி மார்லிஸிடம் சொன்னேன். அவள் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடி நின்றது.

"அட்டைப் பெட்டியெல்லாம் பரண்லயே இருக்கு. நான் தூக்கிப் போடல" என்றாள். அந்த ரொட்டியை என் தட்டில் வைத்தாள்.

பெட்டிகள் எங்களுக்குப் பழக்கம்தான். முப்பத்தோரு வருடம், ஆறு கல்லூரி. பந்து எறியும் பையன்களை மட்டும் கவனிப்பது என் வேலை. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் அவருக்குக் கீழே இருக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான் கடிதம் வரும். அப்படி நான்கு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் கோபப்பட்டிருக்கிறேன், ஒரு முறை அழுதும் இருக்கிறேன். இந்த முறை ஜாம் ரொட்டியைத் தின்றுவிட்டு மைதானத்துக்குப் போய் பந்து எறிபவன் நிற்கும் மேட்டின் களிமண்ணுக்குத் தண்ணீர் தெளித்தேன். மறுநாள் ஆட்டம் இருந்தது. கடைசி ஆட்டம் என்று பையன்களுக்குத் தெரியாது. சீசனின் கடைசி ஆட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் ஆட்டத்துக்கு முன் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வட்டமாக நின்றோம். ஜெபம் சொல்வது என் முறை. எந்தப் பையனுக்கும் காயம் படாமல் காத்தருளும் என்று சொன்னேன். முப்பத்தோரு வருடமாகச் சொல்லும் வார்த்தைகள். நாக்கு தானாகச் சொல்லியது. எனக்குள் எதுவும் அசையவில்லை. ஆமென் என்று பையன்கள்தான் சத்தமாகச் சொன்னார்கள்.

அன்று எறிந்தவன் கோல்பி வெசல். மூன்றாம் வருட மாணவன், பன்றிப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம், நீளமான கை. எதிரணி டாரன்ஸ் கல்லூரி. அங்கே பந்து எறியும் பையன்களின் பயிற்சியாளர் ப்ருயிட். அவனை எனக்குப் பிடிக்காது. என் மூன்றாவது கல்லூரியில் என்னை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் அவனைத்தான் உட்கார வைத்தார்கள். அது அவன் தப்பில்லை. ஆனால் பிறகு ஒரு விருந்தில் நூறு பேருக்கு முன்னால் மைக்கில் சொன்னான்: "ஆரின் போற ஊருக்கெல்லாம் முழங்கை டாக்டரும் பின்னாடியே ஒரு வண்டி எடுத்துக்கிட்டுப் போகணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் சொன்னது கிரெக் ஸ்டாமரைப் பற்றி. என் இரண்டாவது கல்லூரியில் கிரெக் ஒரே ஆட்டத்தில் நூற்று ஐம்பத்தொரு பந்து எறிந்தான். முழு பலத்தோடு எறியும்போது முழங்கையின் உள்பக்கத் தசைநார் ஒவ்வொரு முறையும் கயிறு போல இழுபடும். நூற்றுப்பத்தோடு நிறுத்துவது என் வழக்கம். அன்று ஜெயித்துக்கொண்டிருந்தோம், நிறுத்தவில்லை. தெரிந்தேதான் விட்டேன். தசைநார் கிழிந்தது. கிரெக் இப்போது மார்லிஸின் ஊரில் டிராக்டர் டயர் விற்கிறான். வலது கையைத் தலைக்கு மேலே தூக்க வராது. கிறிஸ்துமஸுக்கு அங்கே போகும்போது கடை வாசலிலிருந்து இடது கையை ஆட்டுவான். கோபமே இல்லாமல் ஆட்டுவான்.

அதற்குப் பிறகு எண்ணிக்கையை யாரிடமும் விட்டதில்லை. பொருட்காட்சி வாசலில் ஆள் எண்ண வைத்திருப்பார்களே, கட்டைவிரலால் அழுத்தும் சின்னக் கருவி, அது எப்போதும் என் வலது கையில் இருக்கும். ஒரு பந்துக்கு ஒரு அழுத்து. வழக்கமாக ஒரு பையன் தாளிலும் எழுதுவான். அவன் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு விடுதியில் படுத்திருந்தான். கருவி இருக்கிறதே என்று நான் வேறு ஆள் போடவில்லை.

காற்று குளிர்ந்து அடித்தது. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் கொட்டகையில் ஓரமாக நின்று கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டேன். கோல்பி அழகாக எறிந்தான். ஏழாவது இன்னிங்ஸில் அவர்கள் ஆடி முடித்தபோது நாங்கள் இரண்டு ரன், அவர்கள் ஒன்று. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், இன்னும் இரண்டு முறை அவர்களை நிறுத்தினால் போதும். கருவியைப் பார்த்தேன். எண்பத்தெட்டு.

எங்கள் பையன்கள் அடிக்க இறங்கினார்கள். அப்போது ப்ருயிட் கையில் ஒரு அட்டையோடு வேலியோரமாக நடந்து எங்கள் பக்கம் வந்தான். ஆட்டத்தின் நடுவில் எதிரணி ஆள் அப்படி வருவதே இல்லை.

கோல்பியின் பந்துகளைப் பிடிக்கும் எங்கள் கேட்சர் இபார்ரா சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "கோச், அவங்க பெஞ்ச்ல எடம் இல்ல போல. நம்ம கட்சிக்கு வர்றாரு."

ப்ருயிட் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "ஆரின், இங்க வா. உன் பையன் எத்தன போட்டிருக்கான்?"

"உனக்கு எதுக்கு?"

"சொல்லுய்யா."

"எண்பத்தெட்டு."

அவன் தலையாட்டினான். "எங்க சீட்டுல நூத்தி இருபத்தொண்ணு."

"அவன் பந்த அடிக்க முடியலன்னு அவன வெளிய எடுக்கப் பாக்கறியா?"

"அப்படியும் நெனைச்சுக்கோ. நானா இருந்தா நானும் அப்படித்தான் நெனைப்பேன்." அட்டையை என் கையில் திணித்தான். "படிச்சுப் பாரு. நாலாவது இன்னிங்ஸப் பாரு."

ஒவ்வொரு அணியும் எதிரணியின் பந்துகளையும் எண்ணும். எறிபவன் எப்போது களைக்கிறான் என்று பார்த்து அடிப்பதற்காக. அந்த அட்டையில் ஒவ்வொரு பந்துக்கும் பென்சிலால் ஒரு குறி. நான்காவது இன்னிங்ஸில் இருபத்தொன்பது குறிகள். ஒரு இடதுகைக்காரன் மட்டும் பன்னிரண்டு பந்து ஆடியிருந்தான். அதில் ஒன்பது பக்கவாட்டில் கோட்டுக்கு வெளியே போன, கணக்கில் சேராத அடிகள்.

அவன் ஆடியது எனக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு முறையும் பந்து வேலியில் இடித்த சத்தம்கூட நினைவு வந்தது. அப்போது என் கை பைக்குள்தான் இருந்தது, கருவியும் உள்ளங்கையில்தான் இருந்தது. ஆனால் அழுத்த வேண்டிய கட்டைவிரல் கடிதத்தின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தது. பரணில் ஏழு பெட்டிகளா எட்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது இன்னிங்ஸிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் எனக்குப் பதற்றம் வரவில்லை. பதற வேண்டிய இடம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். திரும்பி கோல்பியைப் பார்த்தேன். அன்று அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கை தொடையின் மேல் கிடந்தது. தண்ணீர்க் குவளையை இடது கையால் எடுத்துக் குடித்தான்.

"சரி" என்றேன்.

ப்ருயிட் போகாமல் நின்றான். "அன்னிக்கு விருந்துல நான் பேசினது..." என்று ஆரம்பித்தான்.  தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் பக்கம் நடந்தான்.

ஹேவர்காம்பிடம் போனேன். "கோல்பி போதும். மாத்தணும்."

"எண்பத்தெட்டுதானே?"

"நான் எண்ணாம விட்டுட்டேன், டேல். நூத்தி இருபத்தொண்ணு."

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். பிறகு பையன்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினான். "ஆரின், இது கடைசி ஆட்டம். நமக்கு இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஜெயிச்சுட்டுப் போகலாமே. பையனே முடிக்கட்டும். அவனும் அதத்தான் கேப்பான்."

"கேப்பான். அதான் அவனக் கேக்க வேண்டாங்கறேன்."

"ஆறு பந்துல முடிச்சுட்டான்னா?"

"நமக்குத்தான் இது கடைசி. அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு, வேற கல்லூரியில ஆடலாம், டேல்."

ஹேவர்காம்ப் மைதானத்தின் பக்கம் திரும்பினான். வேண்டாம் என்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. கிரெக் விஷயத்தில் என்ன செய்தேன் என்று மட்டும் தெரியும். கடைசியில் தொப்பியைப் பெஞ்சில் வீசினான். "நீங்களே போய்ச் சொல்லுங்க."

கோல்பி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். என் முட்டிகள் சொடுக்கின.

"இன்னிக்கு உன் வேலை முடிஞ்சது, கோல்பி."

"ஏன் கோச்? எண்பத்தெட்டுதான்னு சொன்னீங்களே!"

"என் கணக்கு தப்பு. உண்மையில நூத்தி இருபத்தொண்ணு. நாலாவது இன்னிங்ஸ்ல என் புத்தி இங்க இல்ல. தப்பு என்னோடது."

"கை நல்லா இருக்கு கோச். சத்தியமா. ரெண்டே இன்னிங்ஸ்."

"அந்தக் குவளைய வலது கையால எடு."

அவன் எடுக்கவில்லை. முகம் சிவந்தது. "நீங்க எண்ணாததுக்கு நான் ஏன் போகணும்?" என்றான். நியாயமான கேள்வி.  பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள்.

இபார்ராதான் எழுந்து வந்து அவன் தலையில் கையுறையால் மெதுவாகத் தட்டினான். "டேய், ஆறாவதுலேர்ந்து உன் பந்தெல்லாம் என் நெத்திக்கு நேரா வருது. நான் கேட்சரா, கூடைப்பந்து ஆடறவனா? போய் ஐஸ் வை."

எட்டாவது இன்னிங்ஸுக்கு வேறு பையனை அனுப்பினோம். முதல் வருடப் பையன். பயந்துபோய், அடிக்க வசதியாக நடுவிலேயே போட்டான். அவர்கள் மூன்று ரன் எடுத்தார்கள். நாலுக்கு இரண்டு. எங்களால் திருப்பி அடிக்க முடியவில்லை. ஹாவ்லி கல்லூரியின் பேஸ்பால் அப்படி முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையாக எதிரெதிரே நடந்து கைகுலுக்குவது வழக்கம். கோல்பியின் வலது முழங்கையில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருந்தேன். அவன் இடது கையை நீட்டிக்கொண்டே போனான். டாரன்ஸ் பையன்களும் வலதை மடக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார்கள். அவர்களில் அந்தப் பன்னிரண்டு பந்து ஆடியவன் மட்டும் நின்று, "உன்னோட பந்து இன்னும் என் கனவுல வரும்டா" என்றான். கோல்பி லேசாகச் சிரித்தான்.

வரிசையின் கடைசியில் ப்ருயிட். என் கையைப் பிடித்தான், விடவில்லை.

"பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கில்ல?"

எங்கள் அணியை மூடுவது அவனுக்குத் தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட செய்தி கல்லூரிக்குக் கல்லூரி தானாக நடந்து போகும்.

"இருக்கு. அவனுக்கு இன்னும் தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன். மூணு வாரம் பந்தத் தொட விடாத. அப்புறம் என்னக் கூப்பிடச் சொல்லு. சீட்டுக்குப் பின்னால நம்பர் எழுதியிருக்கேன்." கையை விட்டான். பிறகு, "நீயும் கூப்பிடலாம். வேலை எதுவும் கையில இல்ல. சும்மா பேசலாம்" என்றான்.

நன்றி என்று சொன்னேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அந்த அட்டையைக் கடிதம் இருந்த அதே பையில் வைத்தேன்.

எல்லோரும் உடை மாற்றப் போன பிறகும் கோல்பி பெஞ்சிலேயே இருந்தான். ஐஸ் எடுக்க இன்னும் நேரம் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பந்துகளை வாளியில் போட்டேன்.  அவன் தன் பையைத் துழாவி, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை எடுத்தான். அவன் அம்மா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொடுத்தனுப்புவது. ஒற்றைக் கையால் பிரிக்க முடியாமல் பல்லால் தாளைக் கிழித்தான். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தோளைத் திருப்பினான்.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, பாதி ரொட்டியை என் பக்கம் நீட்டினான்.

"மத்தியானத்துலேர்ந்து நீங்க எதுவும் சாப்பிடல கோச். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவன் நூற்று இருபத்தொரு பந்து எறிந்துகொண்டே அதையும் கவனித்திருக்கிறான். ரொட்டியை வாங்கித் தின்றேன். முதலில் ருசி எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வாயில் உப்பு தெரிந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆகிவிட்டது. "மரத்துப்போச்சா?"

"சுத்தமா."

"எடுத்துடலாம். இதுக்கு மேல வச்சா தோலுக்குக் கெடுதல்."

பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தேன். முழங்கை சிவந்து, ஈரமாக, மீனைப் போலக் குளிர்ந்திருந்தது. என் துண்டால் துடைத்து, இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரல்களை மெதுவாக மூடித் திறந்தான், மூடித் திறந்தான்.

"இப்போ வலிக்குது கோச்."

"எங்க?"

"மேல சதையில. உள்ள இல்ல."

ஆட்டத்துக்கு முன் நாக்கு மட்டும் சொன்ன ஜெபம் அப்போது நினைவுக்கு வந்தது. மறுபடியும் சொல்லத் தொடங்கினேன், வாய்க்குள்ளேயே. பாதியில் வார்த்தை வரவில்லை. அவன் கை சூடாகும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.