டெஸ்மண்ட் மாட்டிய ஜன்னல்

என் கணவர் டெஸ்மண்டுக்குக் கைவேலை வராது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரும். வந்துவிட்டுப் போகிற போக்கில் எதையாவது உடைத்துவிட்டும் போகும். எங்கள் வீட்டுக் குளியலறையில் அவர் பழுதுபார்த்த குழாய் ஒன்று இருக்கிறது. அதை மூடுவதற்கு ஸ்பேனர் வேண்டும். விருந்தாளிகள் வந்தால் சோப்புக்குப் பக்கத்தில் ஸ்பேனரையும் எடுத்து வைப்பேன்.

இப்படிப்பட்டவர் போன சனிக்கிழமை எங்கள் கேரவனை, அதாவது சக்கரம் வைத்த குட்டி வீட்டை, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் கடற்கரையில் நாங்கள் வருஷா வருஷம் தங்கும் விடுமுறை முகாமுக்குள் நுழைந்தார். நுழையும்போது வாசல் கம்பத்தில் ஒரு இடி. கேரவனில் சமையல் மேடைக்கு மேலே இருந்த ஜன்னல் குறுக்காகப் பிளந்துவிட்டது. அந்தக் கம்பம் நாங்கள் வர ஆரம்பித்த நாளிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது.

"யாரோ நகத்தி வச்சிருக்காங்க" என்றார் டெஸ்.

"ஆமா. ராத்திரியோட ராத்திரியா கான்கிரீட்டோட பேத்து நகத்தி வச்சிருக்காங்க. உனக்குன்னே" என்றேன்.

சாதாரணமாக இருந்தால் சிரித்துவிட்டுத் தேநீர் போட்டிருப்பேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் என் அக்கா மொய்ராவுக்குக் கல்யாணம். அவளுக்கு வயது அறுபத்தொன்பது, இது மூன்றாவது. முதல் கல்யாணத்தன்று எங்கள் கார் நடுவழியில் படுத்துவிட்டது. டெஸ் அதை முந்தின நாள்தான் தானே சரிபார்த்திருந்தார். இரண்டாவதற்கு நாங்கள் கிளம்புகிற நேரத்தில் எங்கள் கூரை ஒழுகியது. அதையும் அவர்தான் சரிபார்த்திருந்தார். இந்தத் தடவை மொய்ரா ஃபோனில் சுற்றி வளைக்கவில்லை. அவள் எப்போதும் சுற்றி வளைக்க மாட்டாள், வாயில் வடிகட்டி வைக்காமல் பிறந்தவள்.

"நீதான்டீ சாட்சிக் கையெழுத்து. இதுக்கும் வரலைன்னா எனக்குத் தங்கச்சியே கிடையாதுன்னு நெனச்சுக்கறேன். நாலாவதுக்குக் கூப்பிடவும் மாட்டேன்."

தீவில் இருக்கிற அறைகளையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பிடித்துவிட்டதால் நாங்கள் கேரவனில்தான் தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை கப்பல். அதைப் பிடிக்கப் புதன்கிழமை காலை கிளம்பியாக வேண்டும். பிளந்த ஜன்னலோடு ஸ்காட்லாந்து முழுவதும் மழையில் போனால், நாங்கள் போய்ச் சேரும்போது மெத்தையில் மீன் வளர்க்கலாம்.

"ஆளைக் கூப்பிடலாமே" என்றேன்.

"எதுக்கு ஆளு? இதெல்லாம் நாமளே மாத்தற விஷயம். வீடியோல ஒருத்தன் பத்து நிமிஷத்துல மாத்தறான்."

"அவன் மாத்துவான். அவன் உன்னை மாதிரி இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை புதிதாக வாங்குவதற்கு முன்னால் பழையதைக் காப்பாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். விரிசலின் முனையில் துளை போட்டால் அது மேலே ஓடாதாம். துளை போட்டார். விரிசல் துளையைத் தாண்டிக்கொண்டு ஓடியது. பசை ஊற்றினார், அது அவர் விரலில் ஒட்டிய அளவுக்கு ஜன்னலில் ஒட்டவில்லை. கீறலுக்குப் பற்பசை தேய்த்தார். கேரவனே புதினா வாசனை அடித்ததைத் தவிர வேறு பலன் இல்லை. கடைசியில் எல்லாப் பிசுக்கையும் துடைக்கிறேன் பேர்வழி என்று பெயின்ட் கரைக்கிற ஸ்பிரிட்டை எடுத்தார்.

கேரவன் ஜன்னல் கண்ணாடி கிடையாது, பிளாஸ்டிக். ஸ்பிரிட் பட்டால் அதன் மேலெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கோடு விழும் என்பது முகாமில் இருக்கிற நாய்களுக்குக்கூடத் தெரியும். டெஸ்ஸைச் சுற்றி அப்போது அரைக்கால் சட்டையும் கையில் தேநீர்க் கோப்பையுமாக மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவன் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், பூமியிலிருந்து முளைத்த மாதிரி வந்து நின்றுவிடுவார்கள். மூவரும் ஸ்பிரிட் புட்டியைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மடக்குக் குடித்தார்கள்.

"சுவாரசியமா இருக்கே, டெஸ்" என்றார் பக்கத்துக் கேரவன் நைஜல்.

எங்கள் ஆட்கள் சுவாரசியம் என்றால் நாசமாய்ப் போயிற்று என்று அர்த்தம். வெளிப்படையாகச் சொல்ல மட்டும் நாக்கு வராது. வீடு பற்றி எரிந்தால் கதவைத் தட்டி, "தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும், உங்க வீட்டுல கொஞ்சம் கதகதப்பா இருக்கோ?" என்று கேட்பார்கள். அதற்குள் ஜன்னல் முழுவதும் சிலந்திவலை மாதிரிக் கோடு.

டெஸ் திங்கட்கிழமை ஃபோனில் சொல்லி வரவழைத்த புது ஜன்னல் செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டியில் வந்து இறங்கியது. அளவு சரியாக இருந்தது. நான் இரண்டு தடவை அளந்து பார்த்தேன், நம்ப முடியவில்லை. அதற்கப்புறம் அந்த மனிதர் வேலையையும் ஒழுங்காகவே செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ஜன்னலைத் தூக்கிப் பிடித்து, தாங்குகம்பிகளைக் கழற்றி, மேலே அது தொங்கும் தண்டவாளத்திலிருந்து பக்கவாட்டில் உருவினார். புதியதைக் கையாலேயே தடவித் தடவி அதே தண்டவாளத்தில் நுழைத்தார். நான் உள்ளே நின்று அடியைத் தாங்கிக்கொண்டேன். திருகாணிகளைத் தேடாமல் வாயில் கவ்வி வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினார். நைஜல் வெளியே கோப்பையோடு காவல். அவர் மனைவி க்ளெண்டாவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

"ஆச்சு" என்று வெளியிலிருந்து டெஸ்ஸின் குரல் கேட்டது. "எப்படி இருக்கு? பளிச்சுனு தெரியுதா?"

உள்ளே நின்ற எனக்குப் பால்தான் தெரிந்தது. இந்தப் புது ஜன்னல்களில் கீறல் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் வெள்ளைப் படலம் ஒட்டி அனுப்புவார்கள். அதை இவர் உரிக்கவே இல்லை. மாட்டிய பிறகு உரிக்கவும் என்று சிவப்பில், கொட்டை எழுத்தில், குறுக்கும் நெடுக்கும் அச்சடித்திருந்தது. கடைசி வரைக்கும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கரைக்கு வந்து கப்பலைக் கவிழ்த்தாயா என்று எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அருமையா வந்திருக்கு, டெஸ்" என்றது நைஜலின் குரல்.

"கச்சிதம்" என்றாள் க்ளெண்டா.

ஆக, இருவரும் அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்துக்கொண்டே பாராட்டுகிறார்கள். நாக்கு நுனியில் ஒரு பத்து வருஷத்துக்குப் போதுமான கிண்டலைத் தயார் செய்துகொண்டு வெளியே இறங்கினேன்.

டெஸ் துணியால் அந்தப் படலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்று, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். மறுபடியும் ஒரு மூலையைத் துடைத்தார்.

அந்தக் கடைக்கண் பார்வை எனக்குப் புதிதில்லை. கொஞ்ச காலமாகவே டிவியை அப்படித்தான் பார்க்கிறார். நான் பேசினால் என்னையும் அப்படித்தான் பார்க்கிறார். அறுபது தாண்டினால் ஆண்களுக்கு வருகிற அலட்சியம் என்று நினைத்து இரண்டு தடவை சண்டைகூடப் போட்டிருக்கிறேன். தயார் செய்து வைத்திருந்த கிண்டலைக் கிடப்பில் போட்டேன்.

"டெஸ், அதுல என்ன எழுதியிருக்கு?"

"எதுல?"

நைஜல் தன் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். க்ளெண்டாவுக்குத் திடீரென்று அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் டெஸ்ஸின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தினேன்.

"எப்பலேருந்து?"

அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தார். அதுவும் கைப்பழக்கம்தான் என்று அப்போதுதான் கவனித்தேன், விரலை உள்ளே விட்டு மட்டம் பார்த்தார்.

"கிறிஸ்மஸ்லேருந்து. ஓரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுவுலதான் ஒரு புகை மாதிரி நிக்குது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். இனிமே வண்டி ஓட்டாதீங்கன்னு சொன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

"ஃபிப்ரவரியில."

சனிக்கிழமை எங்கள் வீடு இருக்கிற லிங்கனிலிருந்து இங்கே வரைக்கும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டு வந்தேன். வழியில் இரண்டு பள்ளிக்கூடம்.

"அறிவிருக்கா உனக்கு? கொன்னிருப்பியே. என்னைக் கொன்னா தொலையுது, ரோட்டுல போற பிள்ளைங்களைக் கொன்னிருந்தா?"

"மெதுவாத்தானே வந்தேன்."

"கம்பமும் மெதுவாத்தான் வந்துச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அதே சமயம் இன்னும் நன்றாகக் கத்த வேண்டும் என்றும் தோன்றியது.

"உன் அக்கா கல்யாணம். சொன்னா நீ போக மாட்ட, என்னைப் பாத்துக்கறேன்னு உக்காந்துடுவ. சொல்லலைன்னா நான் ஓட்டணும். என்ன பண்றதுன்னே தெரியலை. ஜன்னல் உடைஞ்சப்போ, நிஜமாச் சொல்றேன், அப்பாடான்னு இருந்துச்சு."

"அப்போ ஸ்பிரிட் ஊத்தினது?"

"அது தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

"அப்புறம் எதுக்குப் புதுசு வாங்கி மாட்டின?"

"நேத்து நீ மொய்ரா கல்யாணத்துக்கு எடுத்து வச்ச தொப்பியைப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்த. மனசு கேக்கலை."

கெட்டில் கொதித்து அணைந்தது. யாரும் தேநீர் போடவில்லை.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் இருபது வருஷம் நடமாடும் நூலக வண்டி ஓட்டியவள். லாரி நீளம். லிங்கன்ஷையரின் ஒவ்வொரு குறுகிய சந்திலும் அதைப் பின்னால் எடுத்திருக்கிறேன், ஒரு வேலியில்கூட உரசியதில்லை. ஆனால் கேரவன் என்று வந்துவிட்டால் அது ஆண்கள் இழுக்கிற பொருள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் உரித்துக் கொடுக்க வேண்டும். இதை டெஸ் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இந்த முகாமில் எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. மனிதர் குருடாகிக்கொண்டே நாலு மாதம் யோசித்திருக்கிறார், சாவியை என்னிடம் கொடுக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியிருக்குமா என்ன.

"சாவியைக் குடு" என்றேன்.

"நீ கேரவன் இழுத்ததில்லையே."

"நீ பாத்து ஓட்டி ரொம்ப நாளாச்சு. குடு."

வெளியே போய் அந்தப் படலத்தை ஒரே இழுப்பில் உரித்தேன். நைஜல் தன் நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

"நைஜல், இதை நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன். சொல்லலாமான்னு ஒரு யோசனை. நமக்கெதுக்குன்னு..."

"சனிக்கிழமை கம்பத்துல இடிச்சதையும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். பிரேக்கே போடலை அவரு. எங்களுக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு, லொரெய்ன். க்ளெண்டாகூடச் சொன்னா. ஆனா இதையெல்லாம் எப்படி வாய்விட்டுக் கேக்கறது?"

"வாயைத் திறந்துதான்" என்றேன். "அடுத்த தடவை யாராவது சாகறதுக்கு முன்னால முயற்சி பண்ணிப் பாருங்க."

அவர் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் இப்படிப் பேசினால் மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள். மறக்க வேண்டாம்.

புதன்கிழமை காலை நான்தான் ஓட்டினேன். டெஸ் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் உரித்துக் கொடுத்தார். வழி முழுக்க மழை. ஜன்னல் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அவர் எழுந்து போய்ப் பார்க்க முடியாததால் பத்து மைலுக்கு ஒரு தரம் அதைப் பற்றி என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். நிறுத்துகிற இடத்திலெல்லாம் நான் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "காஞ்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். இரண்டு இரவும் படுக்கையில் கிடந்தபடி, மொய்ராவிடம் எதுவும் சொல்லாதே, கல்யாணம் முடியட்டும், பாவம் அவள் சந்தோஷம் கெடக் கூடாது என்று கெஞ்சினார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். வேறென்ன செய்ய, நானும் இந்த ஊர்க்காரிதானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பலிலிருந்து இறங்கினோம். மொய்ரா துறைமுகத்திலேயே மழைக்கோட்டோடு நின்றிருந்தாள். நான் ஓட்டுநர் பக்கம் இறங்குவதைப் பார்த்தாள். பிறகு மறு பக்கம், கதவைப் பிடித்துக்கொண்டு காலால் தரையைத் தேடி இறங்கும் டெஸ்ஸைப் பார்த்தாள்.

"என்னடீ இது அதிசயம்" என்றாள், துறைமுகமே திரும்பிப் பார்க்கிற குரலில். "நீ ஓட்டிட்டு வர்றே, இந்தத் துரை சொகுசா உக்காந்து வர்றாரு. என்ன டெஸ், கண்ணு கிண்ணு அவிஞ்சு போச்சா?"

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன்.

"ஆமா மொய்ரா" என்றார் டெஸ்.

நான் துருவிக் கேட்டு அவர் ஒப்புக்கொண்டது வேறு. சிரித்து மழுப்பிவிட வழி இருந்தும், பத்துப் பேர் நடுவில், அந்த மனிதர் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மொய்ரா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கிட்டே வந்து, அவருடைய பார்வைக்கு எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டாள். அவர் காட்டிய பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவர் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள்.

"படி இருக்கு, மூணு" என்றாள். "முதல் படி வழுக்கும்."