விருந்தாளியின் குண அட்டை

காப்பகத்து நாயை ஆறு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் யாராவது தத்தெடுக்க வருவார்கள். கொடுத்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

"பேர் வைக்காத. வச்சா ஒட்டிக்கும்," என்றார் என் கணவர். எலக்ட்ரீஷியன். பழைய நாய் செத்த அன்று, இனி இந்த வீட்டில் நாய் கிடையாது என்று சத்தியம் செய்தவர்.

பெயர் இல்லாததால் விருந்தாளி என்று கூப்பிட்டோம். இரண்டாம் நாளே திரும்பிப் பார்த்தது.

கிழட்டு நாய். குரைக்காது. ஊறவைத்த தீனிதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். வயிற்றுக்கோளாறு என்று நினைத்தோம். கொட்டாவி வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும்.

"மரியாதை தெரிஞ்ச நாய். உங்கண்ணனுக்கு இது தெரியாது," என்றார் கணவர்.

வாரம் ஒரு குண அட்டை நிரப்பி அனுப்ப வேண்டும். தத்தெடுக்க நினைப்பவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள். முதல் வாரம் உண்மை எழுதினேன். மூன்று பேர் விசாரித்தார்கள். எனக்குப் பகீரென்றது. அடுத்த வாரம், 'செருப்பைக் கடித்துக் குதறும்' என்று எழுதினேன். மூவரும் பின்வாங்கினார்கள்.

"பொய் எழுதுறியே, வெக்கமா இல்ல?"

"அப்ப நாமளே வச்சுக்கலாமா?"

"விருந்தும் மருந்தும் மூணு நாள். இதுக்கு ஆறு வாரமே ஜாஸ்தி."

ஆறாம் வாரம் காப்பகத்து அக்கா போன் செய்தார்.

"செருப்பு போனா போகுதுன்னு ஒரு டீச்சர் சொல்றாங்கம்மா. நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். கடிச்ச செருப்பு ஒண்ணு எடுத்து வை, பாக்கணும்."

எங்கள் வீட்டில் கடிபட்ட செருப்பே இல்லை. கணவரிடம் சொன்னேன்.

"நீ போட்ட முடிச்சு, நீயே அவிழு," என்று பின்கட்டுக்குப் போய்விட்டார்.

காலையில் பார்த்தால், அவருடைய புதுத் தோல் செருப்பு வாசலில் குதறப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் விருந்தாளி தூங்கிக்கொண்டிருந்தது. என் மானத்தைக் காப்பாற்றிய வாயில்லா ஜீவன் என்று தலையைத் தடவினேன்.

அக்கா வந்தார். கூடவே டீச்சர். அக்கா செருப்பைப் புரட்டினார். பிறகு குனிந்து விருந்தாளியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டே பல். இரண்டும் ஆடின.

"மீதிய எங்க டாக்டர் எப்பவோ பிடுங்கிட்டார். உன் அட்டையப் படிச்சு வாராவாரம் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஆனா நீ செருப்பே ரெடி பண்ணுவேன்னு நினைக்கலம்மா."

"நான் பண்ணல அக்கா!"

அக்கா தோலில் விரலை ஓட்டினார். வரிவரியாக, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

"இது எந்த வாய்?"

மூவரும் மேஜையைப் பார்த்தோம். கணவரின் குறடு. அதன் வாயில் பழுப்புத் தோல் துணுக்கு.

கதவோரம் நின்றிருந்த கணவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏதோ சத்தம் வருதில்ல?"

விசிறி ஓடவே இல்லை.

டீச்சர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "எனக்கு வேற நாய் காட்டுங்க. இத இவர்கிட்டேருந்து பிரிச்சா பாவம் பிடிக்கும்."

அக்கா தத்தெடுப்புப் படிவத்தை நீட்டினார். சத்தியம் செய்தவர் கையெழுத்துப் போட்டார். நான் எழுதிய குண அட்டையில் அக்கா எதையும் அடிக்கவில்லை. 'செருப்பைக் கடித்துக் குதறும்' என்பதற்கு முன்னால் 'வீட்டுக்காரர்' என்று மட்டும் சேர்த்தார்.

மறுநாள் கணவர் அதே செருப்போடு வேலைக்குப் போனார். என்னாச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலாம்.

"எங்க வீட்டு நாய் கடிச்சிருச்சு."