மிதிவெடி இல்லாத தீவு

அந்தச் சின்னப் பசிபிக் தீவுக்கு ராணுவமே கிடையாது. மிதிவெடியை அது செய்ததுமில்லை, வாங்கியதுமில்லை. ஐ.நா.வில் மிதிவெடித் தடைக்கு வருடம் தவறாமல் ஆதரவாக வாக்களிக்கும். ஒப்பந்தத்தில் சேரச் சொன்னால் மட்டும் நழுவிவிடும். ஏனென்று அஞ்சலிக்கு விளங்கவேயில்லை.

தடைக்காகச் சிட்னியின் பரமட்டாவில் இயங்கும் சிறு அமைப்பு ஒன்றில், பசிபிக் நாடுகளோடு பேசுவது அவள் வேலை. நன்கொடை வற்றிப்போனதால் இந்த மாதத்தோடு அலுவலகத்தை மூடுகிறார்கள். அதற்குள் இந்தத் தீவு சேராவிட்டால் பிறகு அதைக் கேட்க ஆளில்லை.

சிட்னிக்கு வந்திருந்த தீவின் அதிகாரி திமோத்தியிடம் அன்றும் பேசிப் பார்த்தாள். எங்களால் தாங்கமுடியாத வேலை அது என்று மட்டும் சொன்னார். போகும்போது தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தோட்டத்தின் படமொன்றை அனுப்பினார். மரியாதைக்கு அழகென்று சொல்லிவிட்டு, ரயிலேறி வீட்டுக்கு வந்தாள்.

குசினியில் அவள் கணவன் டெனிஸ் சோறு போட்டுக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தான். இருவருமே இலங்கையில், போர் நடந்த மன்னாரில் வளர்ந்தவர்கள்.

"வாழைக்குக் கீழ ஷெல் ஒண்டு கிடக்குது. பாத்தனீரோ?"

அவள் பார்க்கவில்லை. உலகப்போரில் விழுந்து வெடிக்காமல் கிடக்கும் குண்டு.

"இதைத்தான் மிதிவெடி எண்டு நினைச்சிட்டாரோ உம்மட ஆள்?" என்று சிரித்தான்.

அஞ்சலி சிரிக்கவில்லை. சேரும் நாடு பத்து வருடத்துக்குள் தன் நிலத்து மிதிவெடிகளை அகற்றவேண்டும் என்பது விதி. தீவு முழுக்கக் கிடக்கும் குண்டுகளை நினைத்துத்தான் பயந்திருக்கிறார்கள். விதிகளையெல்லாம் விளக்கியவள், மிதிவெடி என்றால் என்னவென்று ஒருநாளும் சொன்னதில்லை. மன்னாரில் அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் திமோத்தியை அழைத்தாள். ஆளின் கால் பட்டால், அல்லது ஆள் கிட்ட வந்தால் வெடிக்கவென்றே செய்து வைப்பதுதான் மிதிவெடி. மேலிருந்து விழுந்து வெடிக்கத் தவறியது வேறு, ஆபத்தானதுதான், ஆனால் இந்த ஒப்பந்தத்துக்குள் வராது என்றாள்.  அவர், அமைச்சரவைக்கு அதை எப்படி நிச்சயமாகச் சொல்வது என்று கேட்டார்.

அவள் சொன்னாள்: சேரும் பத்திரத்தோடு ஒரு விளக்கக் குறிப்பை இணையுங்கள். எங்கள் மண்ணில் மிதிவெடி இருப்பதாகத் தெரியவில்லை, போரில் வெடிக்காமல் எஞ்சிய குண்டுகள் இந்தக் கடமைக்குள் அடங்கா என்று அதில் எழுதினால் போதும்.