செவ்வாய்க்காரி சவரம் செய்கிறாள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாராவது வந்து ஆழ்மனதில் பிறந்தது, கனவில் உதித்தது என்று அளந்துவிடக் கூடாது.

பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எழுத்தாளரின் விஞ்ஞானக் கதைகளையெல்லாம் ஒரே புத்தகமாகப் போடுகிறார்களாம். கடைசிப் பக்கத்துக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டு வந்து வாசித்தாள். பிறப்பு, வேலை, பரிசுகள் எல்லாம் சரி. கடைசி வரி: ‘திருமணம் செய்துகொள்ளாமல் தனியே வசிக்கிறார்.’

அவளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

“தனியாவா? அப்போ இந்த டீ தானா நடந்து வந்துச்சா?”

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். புத்திசாலி, டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். அவள் போனதும் எழுத்தாளர் கத்தினார்: “அவ்ளோ வாய் இருக்குல்ல, நீயே எழுதேன்!”

எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவது. லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே வயசானவன். கதை எழுதுகிறவர்களை நம்பாதவன். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அந்த வர்க்கத்தில் ஒருத்தரோடு குடித்தனம் நடத்தியதால் வந்த புத்தி. எழுதியதை அவரிடம் காட்டவேண்டும், அவர் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகத்தில் போகும். அப்படி ஏற்பாடு. [இந்த மாதிரி] சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் அவர் கிறுக்கியது. [கிறுக்கியது அல்ல, திருத்தியது.]

2

எப்படி ஆரம்பிப்பது?

‘அண்டவெளியின் எல்லையற்ற இருளில் ஒரு’ — வேண்டாம். இது அவர் சரக்கு.

‘அவருடைய கண்கள் இரண்டு நட்சத்திரங்களைப்’ — பொய். சோடாபுட்டிக் கண்ணாடி.

‘நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் நின்றுபோனது.’ இது நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

உள்ளே அவர். அந்தக் கட்டடத்திலிருந்த வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலை. மேலே கூரை மூடியைத் திறந்து டார்ச் அடித்தவன் நான்.

“பயப்படாதீங்க சார், விழாது.”

“பயமெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் மெதுவாவே ரிப்பேர் பண்ணுங்க.”

மெதுவாகவே பண்ணினேன். [கதை இங்கே இழுக்கிறது.] அன்றைக்கும் இழுக்கத்தான் செய்தது.

இதை அவர் பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறார்: ‘தன்னந்தனியாக ஒரு லிஃப்டில் அகப்பட்டேன். விண்கலம் என்ற எண்ணம் அங்கேதான் உதித்தது.’ பேட்டி எடுத்தவர்களில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றவில்லை, லிஃப்டைத் திறந்தது யார் என்று.

3

அவர் விஞ்ஞானக் கதைக்காரர் ஆனது விஞ்ஞானத்தால் அல்ல, ஒரு தப்பால்.

பத்திரிகையில் ஒரு காதல் தொடர் எழுதச் சொன்னார்கள். காதல் என்று அவர் கையில் இருந்தது நான் ஒருத்தன்தான். என்னைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். முடித்ததும் ‘அவன்’ வருகிற இடமெல்லாம் ‘அவள்’ ஆக்கிவிடுவார். ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவர் தன் பிழையில் கோட்டைவிட்டார். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, பாடிக்கொண்டே முகச்சவரம் செய்கிறாள். அப்படியே அச்சாகிவிட்டது.

ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னய்யா இது, கதாநாயகி ஷேவ் பண்றா?”

“சார்... அவ இந்தப் பக்கத்து ஆளு இல்ல சார்.”

“பின்ன எந்தப் பக்கம்?”

“செவ்வாய் கிரகம் சார்.”

அடுத்த வாரமே ஒரு விண்கலம் வந்து இறங்கியது. கடிதங்கள் குவிந்தன. செவ்வாய்ப் பெண்கள் எந்த பிளேடு உபயோகிக்கிறார்கள் என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அதோடு காதல் கதை போச்சு, கிரகம் கிரகமாகப் போகத் தொடங்கினார். கூடவே நானும். எட்டுக்கால் மகாராணி ஆனேன், துருப்பிடித்த ரோபோ ஆனேன், ஒரு நாவலில் வெறும் புகை. அந்தப் புகைக்குத்தான் பெரிய பரிசு கிடைத்தது. மேடையில் கேடயம் அவருக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்து புகை கைதட்டியது.

4

இந்த எழுத்தாளர் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். கூசாமல் ஒரு கிரகத்தையே வெடிவைத்துத் தூளாக்குகிற மனுஷன், ஒரே ஒருத்தியைக் கண்டு நடுங்குவாரா? நடுங்குகிறார். அது அவருடைய அக்கா.

அக்கா வருகிற நாளில் என் தலையணை கூடத்துக்குப் போய்விடும். நான் வாடகைக்கு இருக்கிறவன் ஆகிவிடுவேன்.

“இன்னும் வேற வீடு அமையலையா தம்பி?”

“தேடிட்டுதான் இருக்கேன்க்கா.”

“அவசரப்படாதீங்க. நல்ல இடமா அமையணும்ல.”

எத்தனையோ வருஷமாக இதே கேள்வி, இதே ஆறுதல். தங்கமான மனுஷி.

“இந்தக் கதையில உன்னை நண்பர்னு போட்டுடலாமே?” என்றார் எழுத்தாளர்.

“நண்பனோட எவன்யா ஒரே போர்வைக்குச் சண்டை போடுவான்?”

(இதற்கு இப்போது தன்பாலீர்ப்பு என்று சொல் வந்துவிட்டதாம். பதிப்பகத்துப் பெண் போனில் சொன்னாள். எங்கள் காலத்தில் சொல் இல்லை, போர்வைதான் இருந்தது.)

அவர் சிரிக்கவில்லை. “அம்மா போனப்புறம் தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சு என்னை வளர்த்தவ. அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, எனக்கு வேற அக்கா கிடையாதுடா.” [இதை எடுத்துவிடு.] எடுக்க மாட்டேன். நான் சொன்னதையும் போடுகிறேன், கணக்குச் சரியாக இருக்கட்டும்: “உன் புஸ்தகத்தை விட்டா எனக்கு வேற எங்கயும் இடம் கிடையாதுய்யா. அதுல ஒரு தடவையாவது மனுஷனா வந்துட்டுப் போறேன்.”

5

முடிவு. கையில் மூன்று இருக்கின்றன.

(அ) அக்கா படிக்கிறாள். ‘எனக்கு எப்பவோ தெரியும்’ என்று இரண்டு பேரையும் கட்டிக்கொள்கிறாள். — அடித்துவிட்டேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள் அவள். எப்பவோ எப்படித் தெரியும்?

(ஆ) அக்கா படிக்கிறாள். எழுந்து போய்க் கதவை — இதற்கு மேல் எழுதவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

(இ) [செவ்வாயிலிருந்து ஒரு கலம் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. நன்றாக இருக்கிறது.] நன்றாக இல்லை.

6

நேற்று கையெழுத்துக்காகத் தாள்களை மொத்தமாகக் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூடத்தில், நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு திருகாணிகளைத் தொலைத்தேன். அப்புறம் வெளியே வந்தார்.

கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. அது அபூர்வம், அவரே குறித்துவைத்திருக்கிறார். [ஆம்.]

“அடியில ஒரு வரி சேத்திருக்கேன்” என்றார்.

படித்தேன்.

“ஏன்யா, முதல்ல பொம்பளை, அப்புறம் புகை. இப்போ இதுவா?”

“அக்கா வந்து கேட்டா, அந்த வரியைக் காட்டிடலாம்ல.”

“கேக்கலைன்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “கேக்கலைன்னா, அடுத்த தடவை அவ வர்றப்போ தலையணை கூடத்துக்குப் போகாது.”

அக்காவுக்குப் புத்தகம் உங்களுக்கு வரும் அதே நாளில்தான் போய்ச் சேரும். அவள் கேட்பாளா, மாட்டாளா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத நான் எழுத்தாளனும் இல்லை.

கீழே இருப்பது அவர் போட்ட வரி. அவர் கையெழுத்துப் போட்ட தாளில் நான் கைவைக்க முடியாது. உங்களுக்கு அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. புத்தகம் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. பேனாவும் உங்களுடையது. அடிப்பதானால் கோணாமல் ஒரே கோடாக அடியுங்கள்.

[இதில் வரும் மனிதர்களும் சம்பவங்களும் முழுக்க முழுக்கக் கற்பனையே.]